பேஸ்மென்ட்டில் பூசணம் இல்லை

"நம்ம பேஸ்மென்ட்டுல பூசணம் பிடிச்சிருக்கு" என்று என் மனைவி பெர்னடீன் சொன்ன அந்த நொடியே நான் போருக்குத் தயாராகிவிட்டேன்.

சொன்னது காலைச் சாப்பாட்டின்போது. என் வாயில் பாதி ரொட்டி இருந்தது. மீதிப் பாதியைத் தட்டில் வைத்துவிட்டு நிமிர்ந்தேன்.

"என்ன சொன்ன?"

"பூசணம். கீழ இறங்கினாலே ஒரு வாடை மூக்கைத் துளைக்குது."

"அது வாடை இல்ல பெர்னி. வாசம்."

"எதோட வாசம்?"

"நிம்மதியோட வாசம்."

"நிம்மதிக்குப் பச்சையா முடி முளைக்குமா? எதுக்கும் சோதிச்சுப் பார்த்துடலாம்."

என் நிலைமை உங்களுக்குப் புரிய வேண்டும். பார்மா என்ற எங்கள் ஊரில் எங்கள் தெருவில் இருக்கும் வீடுகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. என் மாமனார் இளைஞராக இருந்தபோது கட்டியவை. தரைக்கு மேலே இருப்பதெல்லாம் பெண்கள் ராஜ்ஜியம். அங்கே சோபாவுக்கு உறை, உறைக்கு மேல் விரிப்பு, அந்த விரிப்பில் உட்காரத் தடை. எங்கே நடக்கலாம், எந்தத் துண்டில் கை துடைக்கலாம் என்பதற்கெல்லாம் சட்டம் உண்டு. மேலே நான் வாடகை கொடுக்காத வாடகைக்காரன். அவ்வளவுதான் என் அந்தஸ்து.

ஆனால் பன்னிரண்டு படி கீழே இறங்கினால் நான் சக்கரவர்த்தி. சுவர் முழுக்க நானே அறுத்து நானே அடித்த மரப்பலகை. மூலையில் ஒரு மதுமேடை, அதற்கு மூன்று உயரமான முக்காலிகள். பெரிய டிவி. அதற்கு நேர் எதிரே என் சாய்வு நாற்காலி. நாற்காலி என்று சொல்வது கூட மரியாதைக் குறைவு, அது சிம்மாசனம். ஞாயிறு மதியம் எங்கள் ஊர் அணி கால்பந்தில் தோற்பதை அதில் சாய்ந்துகொண்டுதான் பார்ப்பேன். பக்கத்து வீட்டு எமில் முக்காலியில் உட்கார்ந்து பார்ப்பான். இன்னொரு மூலையில் ஒரு அடுப்பும் தொட்டியும் உண்டு. எங்கள் ஊரில் மேல் சமையலறையை அழுக்காக்காமல் வைத்துக்கொள்ள எல்லா வீட்டிலும் கீழே இன்னொரு சமையலறை கட்டிவிடுவார்கள். என் ஆட்சியில் அந்த அடுப்பின் மேல் காலி பீர் பாட்டில்களைக் கண்காட்சி வைத்திருந்தேன். தொட்டியில் பனிக்கட்டி. நாடு செழிப்பாக இருந்தது.

"இந்தப் பூசணக் கதையை உனக்கு யார் சொன்னது?" என்று கேட்டேன். எதிரியின் பெயர் தெரிந்தால் நல்லதுதானே.

"நீங்கதான்."

"நானா? எப்போ?"

"செப்டம்பர்ல. சர்ச் சமையலறையில குழாய் வெடிச்சுதே, ஞாபகம் இருக்கா? சர்ச்சுக்காகப் பியரோகி கொழுக்கட்டை பிடிக்கிற எங்க கோஷ்டிக்கு இடம் இல்லாம போச்சு. நம்ம பேஸ்மென்ட்டுல கொஞ்ச நாள் செஞ்சுக்கட்டுமான்னு கேட்டேன். நீங்க என்ன சொன்னீங்க?"

நான் என்ன சொன்னேன் என்பது மெல்ல நினைவுக்கு வந்தது. மாவைத் தேய்த்து, உருளைக்கிழங்கை உள்ளே வைத்து, ஓரத்தை விரலால் அழுத்தி மூடுகிற அந்தப் படை மொத்தமும் என் பேஸ்மென்ட்டில் இறங்கினால் என்ன ஆகும் என்று அன்று எனக்கு வியர்த்துவிட்டது. "ஐயோ, அங்கேயா? ஒரே ஈரம். பூசணம் பிடிச்ச இடம். அங்க செஞ்ச பண்டத்தைத் தின்னா ஊர் முழுக்க வயித்தால போகும்" என்றேன். அவளும் தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள். நானும் மறந்துவிட்டேன்.

"அது சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னது பெர்னி."

"பேச்சுக்குப் பூசணம் வருமா? அன்னியிலேர்ந்து எனக்குத் தூக்கமே இல்லைங்க. இத்தனை வருஷமா பூசணத்துக்கு மேல படுத்துத் தூங்கியிருக்கோம். சனிக்கிழமை ஒரு பொண்ணு வருது, வீட்டுக் காத்தைச் சோதிக்கிற பொண்ணு. சரின்னு சொன்னா சரி."

"சரியில்லைன்னு சொன்னா?"

பெர்னடீன் என் தட்டை எடுத்துக்கொண்டாள். பாதி ரொட்டியும் போனது. "பலகையைப் பிச்சிடணும். மேடையை உடைக்கணும். அந்த நாற்காலி தெருவோரம். குப்பை வண்டி எடுத்துட்டுப் போயிடும்."

இதை எவ்வளவு அமைதியாகச் சொன்னாள் தெரியுமா? பால் தீர்ந்துவிட்டது என்று சொல்கிற குரலில் சொன்னாள்.

நான் நேராக வேலிக்கு ஓடினேன். எமில் தன் வீட்டுப் பக்கம் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு வேறு போக்கிடம் இல்லை. அவன் பேஸ்மென்ட்டை அவன் மனைவி ஸ்டெல்லா எப்போதோ கைப்பற்றித் தையல் கூடமாக்கிவிட்டாள். என் பேஸ்மென்ட் போனால் அவனும் அகதி.

"முடிஞ்சுதுடா எமில். சனிக்கிழமை சோதனை."

"எதை வச்சுச் சோதிக்கிறாங்க? காத்தை உறிஞ்சுற மெஷினா?"

"அதேதான்."

எமில் சுற்றுமுற்றும் பார்த்தான். அப்புறம் குரலைத் தாழ்த்தினான். "என் மக வீடு வாங்கும்போது நான் கூடவே நின்னு பார்த்தேன். ஒரு ரகசியம் சொல்றேன் கேளு. பூசணத்தோட தூள் இருக்கு பாரு, அது எல்லா இடத்துலயும் பறக்கும். உள்ளயும் பறக்கும், வெளியயும் பறக்கும். அதனால அவங்க ரெண்டு தடவை உறிஞ்சுவாங்க. வீட்டுக்குள்ள ஒண்ணு, தோட்டத்துல ஒண்ணு. அப்புறம் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்ப்பாங்க."

"பார்த்து?"

"வெளிய இருக்கிறதைவிட உள்ள கம்மியா இருந்தா வீடு பாஸ்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

என் மண்டைக்குள் விளக்கு எரிந்தது. சாதாரண விளக்கு இல்லை, மைதானத்து விளக்கு. உள்ளே சுத்தமாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. வெளியே அழுக்காக இருந்தால் போதும். உலகத்தில் எந்தப் புருஷனுக்கும் இதைவிடச் சௌகரியமான வேலை வாய்த்திருக்காது. சுத்தம் செய் என்றால்தான் எங்களுக்குக் கை நடுங்கும். அழுக்காக்கு என்றால் பிறவியிலேயே பயிற்சி உண்டு.

என் தோட்டத்தின் பின்கோடியில் போன வருஷத்து இலைக் குவியல் ஒன்று இருக்கிறது. அதற்கு அடியில் அதற்கு முந்தின வருஷத்து இலை. முட்டிவலி என்று சொல்லி நான் எதையும் அள்ளவில்லை. அடியில் எல்லாம் கறுத்து, வெளுத்து, சாம்பல் பூத்து, தொட்டால் புகை கிளம்பும். அந்தக் குவியலை அன்று நான் பார்த்த பார்வையில் காதலே இருந்தது.

"எமில், உன்கிட்ட இலை ஊதுற மெஷின் இருக்கா?"

"இருக்கு."

"சத்தமா ஊதுமா?"

"தெருக்கோடி வரைக்கும் ஊதும்."

வெள்ளிக்கிழமை பெர்னடீன் எல்லா ஜன்னலையும் சாத்தினாள். சோதனைக்கு முதல் நாளே வீட்டை அடைத்து வைக்க வேண்டுமாம். காற்று உள்ளேயே ஊறினால்தான் உண்மை தெரியுமாம். நான் ஒரு வாளியில் பிளீச்சைக் கரைத்துக்கொண்டு படி இறங்கினேன். எதற்கும் ஒரு கை பார்த்துவிடலாம் என்ற எண்ணம்.

"எங்க போறீங்க?"

"சும்மா சுவரைத் துடைக்கலாம்னு."

"முப்பது வருஷமா துடைக்காத சுவரா? அந்தப் பொண்ணு தெளிவா சொல்லிடுச்சு. சோதனைக்கு முன்னாடி எதையும் துடைக்கக்கூடாது. வாளியைக் கீழ வைங்க."

வைத்தேன். பரவாயில்லை என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். என் ஆயுதம் வெளியே அல்லவா இருந்தது.

சனிக்கிழமை வந்தது. டானா என்ற அந்தப் பெண்ணும் வந்தாள். வயது முப்பதுக்குள்தான் இருக்கும். கையில் ஒரு பெட்டி, பெட்டிக்குள் ஒரு சின்ன பம்ப், அதை நிறுத்த முக்காலித் தாங்கி. நேராகக் கீழே இறங்கினாள். என் பலகையைத் தட்டினாள். ஈரம் பார்க்கும் கருவியை அதில் அழுத்தினாள். அவள் பலகையைக் குத்தினாள், வலி எனக்கு இருந்தது. அப்புறம் சாய்வு நாற்காலியின் அருகே போய் மூக்கைச் சுளித்தாள்.

"அது என் நாற்காலி" என்றேன்.

"தெரியுது சார்" என்றாள்.

பம்ப் உறிஞ்சியது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் மூச்சிலிருந்து ஏதாவது போய் எண்ணிக்கை கூடிவிட்டால்? கண் இருட்டிக்கொண்டு வந்த நேரத்தில் நல்லவேளையாக நிறுத்தினாள்.

"இங்க முடிஞ்சுது. அடுத்து வெளிய."

அவளுக்கு முன்பே நான் தோட்டத்துக்கு ஓடினேன். அவள் தோட்டத்தின் நடுவில் தாங்கியை நிறுத்தினாள், பம்ப்பைப் பொருத்தினாள், பொத்தானை அழுத்தினாள். நான் விசிலடித்தேன்.

வேலிக்கு அந்தப் பக்கம் எமில் எழுந்தான். அவன் கையிலிருந்த இயந்திரம் உறுமியது. இந்தப் பக்கம் நான் இலை அள்ளும் கவைக்கோலைக் குவியலுக்குள் குத்தி ஒரு புரட்டு புரட்டினேன். அடடா, அந்தக் காட்சியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இரண்டு வருஷத்துப் பூசணம் எழுந்து நின்றது. சாம்பல் மேகம் ஒன்று கிளம்பித் தோட்டத்தை மூடியது. எமில் அதை நேராகப் பம்ப்பின் வாய்க்கே ஊதி ஊட்டினான். இலைகள் டானாவின் தலையில் உட்கார்ந்தன. அவள் தும்மினாள். நானும் தும்மினேன். எமிலின் நாய் கூடத் தும்மியது. எனக்கு மட்டும் ஆனந்தத் தும்மல்.

"சார், கொஞ்சம் நிறுத்துறீங்களா?"

"நவம்பர் மாசம்மா. இலை நமக்காகக் காத்திருக்குமா?"

"நான் முடிச்சதும் அள்ளலாமே."

"என் முட்டியில இன்னிக்குத்தான் கொஞ்சம் தெம்பு இருக்கு. இதை விட்டா வசந்தகாலம்தான்."

சமையலறை ஜன்னலில் பெர்னடீன் நின்றுகொண்டிருந்தாள். கையில் காபிக் கோப்பை. கண்ணாடி சாத்தியிருந்தாலும் அவள் உதடு அசைவது தெரிந்தது. "முட்டி எப்படி இருக்கு?" என்று கேட்டாள். கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன். அவளும் கோப்பையை உயர்த்திக் காட்டினாள். பாவம், ஒன்றும் தெரியாதவள் என்று நினைத்துக்கொண்டேன். வேலை முடிந்ததும் நானும் எமிலும் அவன் கராஜுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வெற்றியைக் கொண்டாடினோம். கொண்டாட்டம் கொஞ்சம் நீண்டுவிட்டது. நான் வீடு திரும்பியபோது டானாவும் இல்லை, அவள் வண்டியும் இல்லை.

முடிவு வர ஒரு வாரம் ஆயிற்று. டானா தொலைபேசியில் கூப்பிட்டாள். பெர்னடீன் இரண்டு பேரும் கேட்கும்படி ஒலிபெருக்கியைப் போட்டாள்.

"உங்க பேஸ்மென்ட் ரொம்ப நல்லா இருக்கு மேடம். பலகையில ஈரமே இல்லை. பூசணத் தூள் வெளிய இருக்கிறதுல பாதி கூட உள்ள இல்லை."

நான் நாற்காலியிலிருந்து எழுந்து சமையலறையைச் சுற்றி நடனம் ஆடினேன். முட்டியாவது வலியாவது.

"கேட்டியா பெர்னி? பாதி கூட இல்லையாம். யாரு அடிச்ச பலகை அது? யாரு கட்டின ராஜ்ஜியம்?"

"நீங்க கட்டினதுதாங்க" என்றாள். "எனக்கும் சந்தோஷம்தான்."

அந்த அடக்கத்தில் நான் அப்போதே உஷாராகியிருக்க வேண்டும். ஆனால் வெற்றி வந்தால் எனக்குக் காது அடைத்துவிடும். மறுநாள் காலை பூசை முடிந்து சர்ச் கூடத்தில் எல்லோரும் காபி குடிக்கும்போது நான் மேடை இல்லாமலே பேருரை நிகழ்த்தினேன்.

"எங்க வீட்டு பேஸ்மென்ட் தரையில சோத்தைப் போட்டுத் தின்னலாம்" என்றேன்.

"இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள் பெர்னடீன். "அங்க நிக்கிற ஸ்டெல்லாவுக்குக் கேக்கல."

"தரையில போட்டுத் தின்னலாம் ஸ்டெல்லா. அந்தச் சுத்தம் இந்தத் தெருவுல எங்கயும் கிடையாது. ஆஸ்பத்திரி தோத்துப்போகும்."

"சாப்பாட்டுப் பொருள் வச்சா கெட்டுப்போகாதா?" என்று ஸ்டெல்லா கேட்டாள்.

"சர்ச் சமையலறையைவிடப் பத்து மடங்கு சுத்தம்."

கூடத்தில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். என் பேச்சில் மயங்கிவிட்டார்கள் என்று நினைத்தேன்.

அன்று மதியம் ஆட்டம். ஒரு கிண்ணம் நிறைய உருளைச் சீவலும் ஒரு பீருமாக நான் படி இறங்கக் கிளம்பினேன். வாசல் மணி அடித்தது. பெர்னடீன் திறந்தாள். அந்தப் பத்துப் பன்னிரண்டு பெண்களும் உள்ளே வந்தார்கள். ஆளுக்கொரு மாவுக்கட்டை. இரண்டு பேர் சேர்ந்து ஒரு உருளைக்கிழங்கு மூட்டையைத் தூக்கி வந்தார்கள். ஒருத்தி கையில் ஒட்டும் காகிதப் பட்டை. அந்தக் கோஷ்டி எந்தப் பாத்திரத்திலும் பெயர் ஒட்டாமல் விடாது. எனக்கு வணக்கம் சொன்னார்கள், என்னைத் தாண்டிக் கீழே இறங்கினார்கள்.

பின்னாலேயே ஓடினேன். அடுப்பு பளபளவென்று இருந்தது.

"என் பாட்டில் எல்லாம் எங்க?"

"கராஜ்ல" என்றாள் பெர்னடீன். "ஏங்க, கொஞ்சம் நகருங்க. மாவு கொட்டிடப்போவுது."

"என்ன பெர்னி இது?"

"பியரோகி. கிறிஸ்துமஸ் வரைக்கும் ஞாயித்துக்கிழமை. அப்புறம் தவக்காலம் முடியற வரைக்கும் புதனும் சேர்த்து. பூசணம் இருக்குன்னுதானே அன்னிக்கு வேண்டாம்னீங்க? இப்பதான் இல்லையே. அதுவும் நீங்களே ஊரைக் கூட்டிச் சொல்லிட்டீங்க."

என் ராஜ்ஜியத்தைக் காப்பாற்ற நான் உயிரைக் கொடுத்து வென்ற சான்றிதழ், என் ராஜ்ஜியத்தை எழுதிக் கொடுத்த சாசனமாகிவிட்டது. என் மதுமேடை மேல் மாவு பரத்திவிட்டார்கள். முக்காலியில் மூன்று பெண்கள். எமிலாவது துணைக்கு வருவான் என்று திரும்பிப் பார்த்தேன். அவன் எனக்கு முன்பே வந்திருந்தான், ஏப்ரன் கட்டிக்கொண்டு. ஸ்டெல்லாவுக்குப் பக்கத்தில் நின்று வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்து அழுதான். வெங்காயத்தாலா, வெட்கத்தாலா என்று நான் கேட்கவில்லை.

ஒரே ஒரு வழிதான் பாக்கி இருந்தது. பலகை போனால் போகட்டும், மேடை போனால் போகட்டும். வெறும் சிமெண்ட் சுவரானாலும் என் சுவர். தவக்காலம் வரைக்கும் இந்தப் படையா? முடியாது. நான் மதுமேடையைத் தட்டினேன்.

"எல்லாரும் நிறுத்துங்க. நான் ஒரு உண்மையைச் சொல்லணும்."

மாவுக்கட்டைகள் நின்றன.

"அந்தச் சோதனை பொய். நான் ஏமாத்திட்டேன். வெளிக்காத்தை அழுக்காக்கினேன். பழைய இலையைப் புரட்டி, எமிலை விட்டு ஊதச் சொல்லி. அந்தக் கணக்கு செல்லாது. இந்த இடத்துல என்ன பூசணம் இருக்கோ யாருக்கும் தெரியாது. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். எல்லாரும் கிளம்புங்க."

யாரும் கிளம்பவில்லை. பெர்னடீன் கையிலிருந்த மாவைத் தட்டிவிட்டாள்.

"தெரியும்ங்க."

"என்ன தெரியும்?"

"ரெண்டு வருஷமா முட்டிவலின்னு ஒரு இலையைத் தொடாத மனுஷன், சோதனைக்கு ஆள் வந்து நிக்கிற நேரத்துல கவைக்கோலைத் தூக்கினா எனக்குத் தெரியாதா? நீங்க எமில் கராஜ்ல கும்மாளம் போட்டுட்டு இருக்கும்போது அந்தப் பொண்ணு முன்வாசல்ல திரும்ப எடுத்துச்சு. சுத்தமான காத்துல. தோட்டத்துல எடுத்ததைத் தூக்கிப் போட்டாச்சு. அன்னிக்கு போன்ல சொன்னது முன்வாசல் கணக்கு."

நான் சுவர்ப் பலகையைத் திரும்பிப் பார்த்தேன்.

"அப்படின்னா இங்க நிஜமாவே பூசணம் இல்லையா?"

"எப்படி இருக்கும்? நீங்க அடிச்ச பலகை. பின்னால தார்க் காகிதம் ஒட்டி, சந்து சந்தா அடைச்சு, ஒரு கோடைக்காலம் பூரா கீழயே கிடந்தீங்களே. ஒரு சொட்டுத் தண்ணி உள்ள வந்ததுண்டா? இந்த ஊர்ல இதைவிட நல்ல பேஸ்மென்ட் கிடையாது. எனக்கு அப்பவே தெரியும். இவங்கதான் நீங்க சொன்ன பூசணத்தை நம்பிட்டு வரமாட்டேன்னாங்க. அதுக்குத்தான் சோதனை."

முப்பத்தைந்து வருஷத் தாம்பத்தியத்தில் அவள் என் கைவேலையைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. அத்தனை பெண்களும் பலகையைத் தடவித் தடவிப் பார்த்து ஆமாம் ஆமாம் என்றார்கள். நானும் ஒரு பலகையைத் தடவிப் பார்த்தேன். பெருமையில் பாதி, பறிகொடுத்ததில் பாதி. கோபப்பட வேண்டும் என்று நினைத்தேன். இவ்வளவு புகழ்ந்த பிறகு எப்படிக் கோபப்படுவது? அதற்குள் யாரோ என் கையில் தோல் சீவும் கத்தியைக் கொடுத்துவிட்டார்கள்.

"உக்காந்தே சீவுங்க" என்றாள் பெர்னடீன். "உங்க முட்டிக்கு அதுதான் நல்லது."

"அந்த வாடை? மூக்கைத் துளைக்குதுன்னியே?"

"அது நிஜம்தான். நாற்காலியோடது. டானாவும் அதைத்தான் சொல்லிச்சு. நீங்க காபிக் கூடத்துல பேசிட்டிருக்கும்போது எமிலை விட்டுத் தெருவோரம் தள்ளச் சொல்லிட்டேன்."

இப்போது ஞாயிறுதோறும் உருளைக்கிழங்கு சீவுகிறேன். டிவியின் முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிகிறது. ஆனால் நான் தோற்றவன் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். புதுத் திட்டம் ஒன்று வைத்திருக்கிறேன். யாரும் பார்க்காதபோது அடுப்புக்குப் பின்னால் மூலையில் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றிவிட்டு வருகிறேன். ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் பூசணம் வந்தே தீர வேண்டும். போய்ப் போய்ப் பார்க்கிறேன். வரமாட்டேன் என்கிறது. அவ்வளவு கச்சிதமாகக் கட்டித் தொலைத்திருக்கிறேன்.

நேற்று பார்த்தபோது அந்த மூலையில் தரை துடைக்கும் மாப் ஒன்று சாய்ந்து நின்றது, கைப்பிடியில் என் பெயர் ஒட்டியிருந்தது.